மருந்துக் கல்லில் இறங்கிய பச்சை

திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள தெருக்களில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் வேணி போய்விடுவாள். கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. போகிறவள் ஊர் வழக்கப்படி தொட்டிலை எட்டிப் பார்த்து, மூக்கு அப்பன் ஜாடை, நெற்றி அம்மா ஜாடை என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தானே மற்றதைத் தொடங்க வேண்டும்? அதெல்லாம் பிறகுதான். செருப்பைக் கழற்றும்போதே, "மருந்து உரசுற கல்ல எடுத்துக்கினு வா" என்பாள்.

பிள்ளை பெற்ற வீடென்றால் அந்தக் கல் இருக்கும். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து, தாய்ப்பாலைச் சொட்டு விட்டுக் கல்லில் உரசி, வழித்து, பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். வேணியும் அதைத்தான் முதலில் சொல்வாள். "சொன்னா கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கல்லையாவது காட்டுங்க" என்பாள். கல் வந்ததும் மணிபர்ஸிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்து, அதன் முதுகில் அழுத்திக் கீறுவாள். கீறல் விழாவிட்டால் கல் பிழைத்தது. விழுந்துவிட்டால் அன்றைக்கே அது வீட்டை விட்டு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் வேணி வெளியேற மாட்டாள். தெருக்காரர்கள் இதற்காகவே அவளுக்குக் 'கல்லு வேணி' என்று பேர் வைத்தார்கள். நக்கலாக வைத்த பேர்தான். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

வேணியின் அப்பாவும் அம்மாவும் விக்கிரவாண்டிப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி, கரும்பு வெட்டி, மூன்று பெண்களைப் படிக்க வைத்தவர்கள். நடுப்பெண் வேணி பன்னிரண்டாவது முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றாள். கடைக்கு எதிரே சாக்கடை வாய்க்கால் வெட்ட ஒரு ஹிட்டாச்சி இயந்திரம் வந்தது. அதை ஓட்டியவன் புகழேந்தி. அவ்வளவு பெரிய இரும்புக் கையை வைத்துக்கொண்டு, வழியில் நின்ற வேப்பங்கன்றை வேர் அறாமல் மண்ணோடு அள்ளி ஓரமாக வைத்தானாம். அதைப் பார்த்துத்தான் மனசு போய்விட்டது என்று அவள் சொல்வாள். அவன் வேறு சாதி. இரண்டு வீட்டாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திய கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிற ஆட்கள் இல்லை இவர்கள் இருவரும். திண்டிவனத்தில் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்குப் பிடித்துக் குடித்தனத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

புயல் மழையில் தென்பெண்ணை கரை புரண்டு ஊரையெல்லாம் அலசிவிட்டுப் போன வருஷம், வேணி மாசமாக இருந்தாள். வெள்ளம் வடிந்ததும், உடைந்த கரையைக் கட்டுகிற வேலை புகழேந்திக்குக் கிடைத்தது. ஒருநாள் இயந்திரம் அள்ளிக் கொட்டிய ஆற்று மணலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. இறங்கிப் போய் எடுத்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல், ஒரு பக்கம் தட்டை. தண்ணீரில் அலசியதும் இளம்பச்சையும் கரும்பச்சையுமாக, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரிகிற வளையம் மாதிரி வரிவரியாக வந்தது.

கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். மரகதம் என்றான் ஒருவன். பாட்டில் கண்ணாடி உருகிக் கட்டியானது என்றான் இன்னொருவன். சவுரிராயன் என்ற கொத்தனார், மீன் தொட்டியில் போடுகிற கல் வெள்ளத்தில் வந்திருக்கும் என்று அடித்துச் சொன்னார். அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் பச்சையம்மன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். திண்டிவனத்தில் ஒரு நகைக்கடைக்காரர்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விக்கிற கல்லு இல்லப்பா. அழகுக்கு வெச்சுக்க" என்று கையில் கொடுத்துவிட்டார். அழகுக்கு வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறாளே என்று புகழேந்தி அதை வேணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை வளர்ப்பு சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லாததால், அந்தப் பொறுப்பைப் பக்கத்துப் போர்ஷன் அம்சா தானே எடுத்துக்கொண்டாள். மருந்துச் சாமான்களை அம்சாவே வாங்கி வந்தாள். வசம்பைச் சுட்டுக் கொடுத்தாள். உரசுவதற்குக் கல் வேண்டுமே என்று இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைக் கல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இது போதுமேடி. தட்டையா, வழவழன்னு, உனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது" என்றாள் அம்சா.

அந்தக் கல்லில் மருந்து அமோகமாக இறங்கியது. மற்ற வீடுகளில் பழுப்பாக ஒரு தீற்று வரும். இங்கே இரண்டு தேய்ப்பு தேய்த்தாலே பச்சையாக, கெட்டியாக வழிந்தது. மூலிகை என்றால் பச்சையாகத்தானே இருக்கும்? "எங்க வீட்டுக் கல்லுல இந்தக் கலரே வர்றதில்லடி. கைராசி உனுக்கு" என்று அம்சா மெச்சிக்கொண்டாள். கல்லின் நடுவில் மெல்லக் குழி விழுந்ததை வேணியும் பார்த்தாள். நன்றாகத் தேய்க்கிறோம் என்று பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் ஆவதற்குள் குழந்தை பாலைக் கக்க ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தெளிந்துவிடும். வீட்டுக்குத் தூக்கி வந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். அப்படியே மாற்றி மாற்றி நடந்தது. வீடு சரியில்லை என்றார்கள் சிலர். கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். வாந்திக்கு வசம்பு நல்லது என்று வேணி இன்னும் இரண்டு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்தாள். குழந்தையின் வயிறு உப்பியது. விழியின் வெள்ளை மஞ்சளானது. பேர் வைக்கிற விசேஷத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் அதற்கு ஒரு பேர்கூட இல்லை, வெறும் 'பாப்பா' என்றே கிடந்தது.

முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே குழந்தைகள் வார்டில் டாக்டர் கலையரசி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"பித்தளைப் பாத்திரத்துல பால் காய்ச்சிக் குடுக்கிறீங்களா?"

"இல்ல மேடம். எங்க வீட்ல எல்லாமே எவர்சில்வர்தான். பாப்பாவுக்குத் தாய்ப்பால் மட்டும்தான்."

"வேற ஏதாவது? நாட்டு மருந்து?"

வேணி இல்லையென்று தலையாட்டினாள். உரசுகிற மருந்தைச் சொன்னால் திட்டுவார்கள், வாயைத் திறக்காதே என்று அம்சா சொல்லியனுப்பியிருந்தாள். டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டுப் போனார். போகும்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டே போனதை வேணி கவனித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வழக்கம்போல் குழந்தை கொஞ்சம் தெளிந்தது. மருந்து விட்டுப்போகக் கூடாதே என்று, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போன புகழேந்தியிடம் கல்லையும் மருந்துப் பையையும் கொண்டுவரச் சொன்னாள் வேணி. மத்தியானம் டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போனதும், ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து உரச ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்திலிருந்து வந்த குடும்பம். நிலோஃபர் என்ற பெண்ணின் கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பு. அவளுடைய அம்மா மஹபூப் பீவி துணைக்கு இருந்தாள். அப்பா ஜெகபர் அலி பார்வை நேரத்துக்கு டிபன் கேரியரோடு வருவார், போவார். அன்றைக்குக் கேரியரைக் கீழே வைத்தவர், நிமிராமல் அப்படியே வேணியின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது இன்னா கல்லும்மா?"

"ஆத்துல கெடச்சது பாய்."

"பச்சையா எறங்குதே. மருந்துல இருந்தா?"

"மருந்துலதான்."

அவர் குனிந்து பையிலிருந்தவற்றை எடுத்துப் பார்த்தார். சுட்ட வசம்பு கறுப்பு. கடுக்காய் பழுப்பு. மாசிக்காய் சாம்பல். சுக்கு வெள்ளை.

"இதுல எதும்மா பச்சை?"

வேணிக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதமாக ஆளாளுக்குக் கேள்வி கேட்டுச் சலித்துப்போனவள் அவள். மருந்தில் கொஞ்சத்தை விரலில் வழித்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள். ஜெகபர் அலி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விரலில் இருந்த பச்சை தரையில் சிந்தியது.

"யோவ், யாருய்யா நீ? உன் வேலையைப் பாத்துக்கினு போ" என்று வேணி போட்ட சத்தத்தில் வார்டு முழுக்கத் திரும்பியது.

"ஊர் பேஜாரெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று மஹபூப் பீவியும் புருஷனைத்தான் கடிந்துகொண்டாள்.

அவர் கையை எடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "தொட்டது தப்புதாம்மா. நான் ஓமான்ல ஒரு செம்புச் சொரங்கத்துல கேம்ப் சமையல்காரனா இருந்தேன். கல்லப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தப் பச்சைய அங்க மலை மேல பாத்துக்கினே கெடந்தவன். செம்புப் பாத்திரத்துல களிம்பு புடிக்கும் இல்ல, அதே பச்சை. நான் சொல்றது தப்பா இருந்தா சந்தோஷம். ஒரு கால்மணி நேரம் குடு, அப்புறம் நீ மருந்து தடவு, நான் கேக்க மாட்டேன்."

களிம்பு என்ற வார்த்தை வேணிக்குச் சுருக்கென்றது. பித்தளையில் புளியோ மோரோ வைத்தால் களிம்பேறும், விஷம் என்று தெரியாத பெண் உண்டா? அவள் கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜெகபர் அலி, "ஜல்தியா வர்றேன்" என்று கீழே போய், டீக்கடையில் கெஞ்சி ஓர் இரும்பு ஆணி வாங்கி வந்தார். எலுமிச்சம்பழம் மஹபூப் பீவியின் பையிலேயே இருந்தது.

கல்லில் இருந்த பச்சை விழுதை வழித்துக் கேரியர் மூடியில் போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. ஆணியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கி, அந்தச் சாற்றில் படுக்க வைத்தார். சுரங்கத்துப் பையன்கள் லீவு நாளில் விளையாட்டாகச் செய்து காட்டுவார்களாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் வந்து குனிந்து நின்றார்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்த புகழேந்தியும் ஒன்றும் புரியாமல் அந்தக் கூட்டத்தில் நின்றான். ஜெகபர் அலி மட்டும் மூடியைப் பார்க்கவில்லை. குழந்தையின் மஞ்சள் விழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணியை வெளியே எடுத்தபோது சாற்றில் கிடந்த பாதி சிவந்திருந்தது. புளி போட்டு விளக்கிய செம்புக் குடத்தின் நிறம்.

அந்தப் பச்சை தன் விரலாலேயே எத்தனை தடவை அந்தச் சின்ன நாக்கில் போயிருக்கிறது என்று வேணி நினைத்துப் பார்த்தாள். விரலைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். புகழேந்திதான் டாக்டரைக் கூப்பிட ஓடினான்.

டாக்டர் கலையரசி ஆணியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அதன் குழியைப் பார்த்தார். திட்டுவார் என்று வேணி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பாத்திரத்தைத்தான் கேட்டேன். கல்லைக் கேக்க எனக்குத் தோணலையே" என்று டாக்டர் தன்னையே நொந்துகொண்டார். செம்பு அதிகமாக உடம்பில் சேர்ந்தால் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும், அதனால்தான் பித்தளையைக் கேட்டேன் என்று விளக்கினார். அன்று மாலையே குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கல்லைத் தனக்குத் தெரிந்த ஒரு புவியியல் பேராசிரியரிடம் டாக்டர் அனுப்பிவைத்தார். மாலகைட் என்று பதில் வந்தது. செம்பு கரைந்த தண்ணீர் பாறை இடுக்கில் தங்கித் தங்கி உறைந்து உண்டாகிற கல். அழகான கல், ஆனால் மென்மையானது, இரும்பு ஆணி பட்டாலே கீறிக்கொள்ளும். பரிசோதனைக்காகச் சென்னைக்குப் போன இரத்தமும் அதையே சொன்னது. உடம்பிலிருந்து செம்பை வெளியேற்றுகிற மருந்தைத் தொடங்கினார்கள்.

"நான்தானே வேணி கொண்டாந்தேன்" என்று புகழேந்தி வராந்தாவில் உட்கார்ந்து அழுதான்.

"நீ அழகா இருக்குதுன்னு கொண்டாந்த. நான் நல்லதுன்னு உரசுனேன். ரெண்டு பேரும் ஆசையிலதான் பண்ணோம்" என்றாள் வேணி. அதற்குமேல் அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை.

குழந்தை வார்டுக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். நிலோஃபரின் பிள்ளை தேறி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. ஜன்னல் திண்டில் ஒரு காகிதத்தில் மடித்து அந்த ஆணி மட்டும் இருந்தது. வேணி அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அந்த மனுஷனிடம் தான் கடைசியாகப் பேசிய வார்த்தை 'உன் வேலையைப் பாத்துக்கினு போ' என்பதுதான் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உடனே தேடிப் போயிருக்கலாம். புகழேந்தியும் கூப்பிட்டான். வேணி மறுத்துவிட்டாள். வைத்தியம் நீளும், ஈரல் முழுசாகத் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதி பிழைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நன்றி சொல்வது அவளுக்குச் சரியாகப் படவில்லை. சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அந்த நன்றியை வேறு எங்கேயாவது செலவழிக்க வேண்டுமே. அப்படித்தான் தெருத்தெருவாகக் கல்லைக் கீறிப் பார்க்கிற வேலை ஆரம்பித்தது. முதலில் கீறியது அம்சா வீட்டுக் கல்லை. அது நல்ல கருங்கல், ஒன்றும் ஆகவில்லை. அம்சாதான் கல்லைப் பார்த்து, வேணியைப் பார்த்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தை நடக்கப் பழகி, ஓடப் பழகி, இரண்டு வயதை நெருங்கியபோது டாக்டர் கலையரசி கடைசிப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "மருந்தை நிறுத்திடலாம். ஈரல் நல்லாயிடுச்சு" என்றார். வேணி அங்கேயே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் காலையில் பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, புகழேந்தியோடு கோட்டக்குப்பத்துக்குப் பஸ் ஏறினாள்.

கோட்டக்குப்பத்தில் ஜெகபர் அலி என்று கேட்டால், "எந்த ஜெகபர் அலி?" என்று திருப்பிக் கேட்டார்கள். துணிக்கடை ஜெகபர் அலி இருந்தார், துபாய் ஜெகபர் அலி இருந்தார். ஓமானில் சமையல் பார்த்தவர் என்றதும் ஒரு மருந்துக்கடைக்காரர், "அவரா? இப்ப பொம்மையார்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ஆக்கிப் போட்டுக்கினு இருக்கார்" என்று வழி சொன்னார்.

கடலோரம் இருந்த அந்த விடுதியின் பின்கட்டில், குழாயடியில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா? ரூம் வேணுமா?"

அவள் மணிபர்ஸைத் திறந்து ஆணியை எடுத்து நீட்டினாள். இத்தனை கல்லைக் கீறியதில் அதன் முனை மழுங்கியிருந்தது. சிவப்பு மங்கிப் பழுப்பாகி, கொண்டைப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஜெகபர் அலி ஆணியைப் பார்த்தார். பிறகு வேணியையும் பார்க்கவில்லை, புகழேந்தியையும் பார்க்கவில்லை. சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவி, கைலியில் துடைத்துக்கொண்டு வந்து, குழந்தையின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். அடுத்த கண்ணையும் பார்த்தார்.

"வெள்ளையா இருக்குது" என்றார். "நல்லா வெள்ளையா இருக்குதும்மா."

"அன்னிக்கு உங்கள மரியாதை இல்லாம பேசிட்டேன் பாய்" என்று வேணி அழுதுகொண்டே சொன்னாள். "முழுசா தேறட்டும், அப்புறம் வந்து சொல்லலாம்னு இருந்துட்டேன்."

"பேசுனது போவட்டும்மா." அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "புள்ளைய அவசரமா தூக்கிக்கினு போனாங்க. எங்கள வீட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க. அப்புறம் இன்னா ஆச்சுன்னு தெரியவே இல்ல. ஒரு நாள் முண்டியம்பாக்கம் வந்து கேட்டேன். எந்தப் புள்ள, பேர் இன்னான்னு கேட்டாங்க. எனக்கு இன்னா தெரியும்? திரும்பி வந்துட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேர் தெரியாத அந்தப் புள்ளன்னு சொல்லித்தான் துவா கேட்டுக்கினு இருக்கேன்."

தன் நன்றி முழுசாக இருக்க வேண்டும் என்று தான் காத்திருந்த காலமெல்லாம், பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இவர் காத்திருந்திருக்கிறார் என்பது வேணிக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தாள். மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்தாலும் பிள்ளை நெளியாமல் உட்கார்ந்திருந்தது.

"உன் பேர் இன்னா ராஜாத்தி?" என்று அவர் கேட்டார்.

"கயவிழி" என்றது அது, நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி.

"கயல்விழி" என்று வேணி எடுத்துக் கொடுத்தாள்.

ஜெகபர் அலி அந்தப் பேரைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இந்த வெள்ளிக்கிழமையில இருந்து பேர் சொல்லியே கேக்குறேன்" என்றார்.